குழிக்குள் இல்லாத டிரம்

எருக்கலவலசில் பட்டிப் பொங்கல் முடிந்த மறுநாள் காலை, பால் கறந்து ஊற்றி, வாசல் கூட்டித் தெளித்து, எருமைகள் இரண்டும் தீனிக்குக் கத்த ஆரம்பித்த நேரத்தில், மயிலாத்தாள் வீட்டு மாட்டுக் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சாணிக் குழியில் கழுத்தளவு அமிழ்ந்து கிடந்த கோபர் கேஸ் டிரம், ஒருதரம் இடமும் வலமும் ஆடிவிட்டு, குழியை விட்டு எழுந்து, கட்டுத்தரைக் கூரையைத் தாண்டி, தென்னை மர உயரத்துக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டது.

மயிலாத்தாள் அப்போது தொட்டியில் முழங்கை வரை கைவிட்டுச் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். டிரம்மின் அடிப்பாகத்தை அதுநாள்வரை அவள் பார்த்ததே இல்லை. வருடா வருடம் தைக்கு முன்னால் பெயின்ட் அடித்ததெல்லாம் வெளியே தெரிகிற மேல்பாகத்துக்குத்தான். ‘அடியெல்லாம் இத்தனை துருவா, நாம பாட்டுக்கு மேல பூசி ஏமாந்திருக்கறமே’ என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. டிரம்மையும் அடுப்படியையும் இணைத்த ரப்பர் குழாய் நாலு பாக நீளம்தான் இருந்தது. டிரம் மேலே போகப் போக, அதுவும் எதற்கும் தலையாட்டும் புது மாப்பிள்ளைபோல நீண்டுகொண்டே கூடப் போயிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைத் திருகினாள். நீலமாகப் பற்றிக்கொண்டது. பாலை வைத்தாள்.

வாய்க்கால் தண்ணீரை மடை மாற்றிவிட்டு வந்த அவள் வீட்டுக்காரர் ராசப்பன், மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டார்.

“ஏம்புள்ள, டிரம்மு எங்க?”

“மேல.”

ராசப்பன் அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “எப்ப எறங்கும்?”

“என்னையக் கேட்டா? பஸ்ஸா ஓட்றேன், டைம் சொல்றதுக்கு? டீ ஆறுது, குடிங்க.”

வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படும். எருக்கலவலசுக்காரர்களுக்கு அப்படிப் படவில்லை என்றால் அதற்கு நியாயம் இருக்கிறது. சாணியும் தண்ணீரும் குழிக்குள் கிடந்து புளித்து, காற்றாகி, டிரம்மை மேலே தள்ளும். அடுப்பு எரிய எரியக் காற்று தீர்ந்து டிரம் கீழே இறங்கும். விடியும்போது ஒரு முழம் ஏறி, சோறாக்கி முடிக்கும்போது ஒரு முழம் இறங்கி, பொழுது சாயும்போது மறுபடி ஏறி, மூச்சு விடுகிற வயிறுபோல அது இருபத்திரண்டு வருடமாக இதே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தது. ஏறுவது அதன் வேலை. இப்போது கொஞ்சம் எச்சாக ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் ஏறியது என்பதற்கு ஊர் ஒரே ஒரு காரணம்தான் சொன்னது, அதையும் மயிலாத்தாள் செய்த தப்பு என்றுதான் சொன்னது. பட்டிப் பொங்கலன்று கட்டுத்தரையில் சாணியால் வரப்புக் கட்டித் தெப்பக்குளம் செய்து, அதில் தண்ணீரும் பாலும் ஊற்றி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் கரும்புத் துண்டும் போட்டுப் பூசை முடித்து, கன்றுக்குட்டியை ஓட்டிவந்து குளத்தை மிதிக்கவிடுவார்கள். மிதித்த குளத்தை எருக்கலவலசில் யாரும் தொடுவதில்லை. அது தானாகக் காய்ந்து, தானாக மண்ணோடு போகவேண்டும். மயிலாத்தாளுக்கோ ஒரு கைப்பிடிச் சாணி வீணாவதைப் பார்த்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. விடிந்ததும் முதல் வேலையாக அந்தக் குளத்தை, பாலோடு பூவோடு வெல்லத்தோடு பொங்கல் பருக்கையோடு, அப்படியே வாரிக் கரைப்புத் தொட்டியில் போட்டுவிட்டாள். “பட்டிசாமிக்கு வச்சதை அடுப்புக்கு வச்சுட்டா” என்று பாதி ஊர் திட்டியது. “சாமியே போய் மேல நின்னுக்கிச்சு, உங்களுக்கென்ன நோவுது” என்று மீதி ஊர் கேட்டது. பத்து நாள் இப்படிப் பேசினார்கள். பிறகு வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்தது, எல்லோரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தை முழுக்க அண்ணாந்து பார்த்த ஊருக்கு மாசியில் கழுத்து வலித்தது, குனிந்துகொண்டது. அதன்பிறகு டிரம் ஊரின் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. சிவகிரி பஸ்காரர் “டிரம் ஸ்டாப் எல்லாம் முன்னால வாங்க” என்று கத்தினார். பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கு “டிரம்முக்குத் தெக்க மூணாவது வீடு” என்று வழி சொன்னார்கள். மஞ்சள் வெட்டுகிற பெண்கள் டிரம்மின் வட்ட நிழலில் உட்கார்ந்து கிழங்கு ஆய்ந்து, நிழல் நகர நகரத் தாங்களும் நகர்ந்து, நிழல் வேலி தாண்டிப் போகும்போது வேலையை விட்டு எழுந்துகொண்டார்கள். கரன்ட் ஆபீஸ் லைன்மேன் ஒருவர் வந்து கம்பியிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கண்ணாலேயே அளந்து, “தள்ளித்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு மோர் குடித்துப் போனார். குழந்தை வரம் வேண்டி யாரோ இரண்டு பேர் குழாயில் மஞ்சள் துணி கட்டினார்கள். மயிலாத்தாள் அதை அவிழ்த்து, துவைத்து, கைப்பிடித் துணியாக வைத்துக்கொண்டாள்.

முதலில் குழாய் கேட்டு வந்தவள் பக்கத்து வீட்டு அருக்காணி.

“அக்கா, உங்க ஒரு வீட்டுக்கு அத்தனை கேஸு எதுக்கு? எனக்கொரு கிளை விடுங்களே. சிலிண்டர் தீந்து நாலு நாளாச்சு.”

“சாணி கொண்டா, குழாய் கொண்டு போ.”

“சாணிக்கு எங்க போறது? எல்லாந்தான் கம்பெனி லாரிக்குப் போயிருதே.”

“அப்ப லாரிக்காரன்கிட்டப் போய் நெருப்புக் கேளு” என்று மயிலாத்தாள் சொன்னாள். மறுநாள் அருக்காணி ஒரு கூடைச் சாணியை முந்தானையால் மூடி, திருட்டுப் பொருளைக் கொண்டு வருகிறவள்போல வேலியோரமாகக் கொண்டுவந்தாள்.

கம்பெனி என்றால் ஏரிக்கரையில் இருந்த கம்பெனி. போன ஆடியில் வந்தார்கள். வற்றிக் கிடந்த ஏரியின் கரையில் ஒரு பெரிய பச்சை பலூனைக் குப்புறக் கவிழ்த்தாற்போலக் கட்டிடம் எழுப்பினார்கள். ஏழெட்டு ஊர்ச் சாணி முழுவதையும் அதில் போட்டு, காற்றெடுத்து, அமுக்கி, சிலிண்டரில் அடைத்து, கார் ஓட்டப் போவதாகச் சொன்னார்கள். அவர்கள் சார்பில் வீடு வீடாக வந்த திவாகரன் தங்கமான பையன். எந்த வீட்டிலும் மோரை மிச்சம் வைக்கமாட்டான், எந்தப் பெரியவர் வந்தாலும் எழுந்து நிற்பான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டான். அப்படிப்பட்ட பிள்ளையிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது? ஊரே கையெழுத்துப் போட்டது. காலை ஏழு மணிக்கு லாரி வரும், வீட்டுச் சாணி முழுக்க லாரியில் கொட்டவேண்டும், வருடக் கடைசியில் காற்றெடுத்த சக்கை உரமாகி, சிரிக்கிற மாட்டுப் படம் போட்ட சாக்கில் அதே வீட்டுக்கு விலைக்கு வரும். பால் சொசைட்டி வாசலில் எல்லோரும் வரிசையில் நின்றபோது ராசப்பனும் நின்றார், பேனா கைக்கு வந்தது, போட்டுவிட்டார்.

மயிலாத்தாளுக்கு அன்று வந்த கோபத்தை எருமைகள்கூட உணர்ந்து கன்றோடு ஒதுங்கி நின்றன. அவள் வீட்டில் ஒரே சாணி இரண்டு வேலை செய்தது. குழிக்குள் போய்க் காற்றாகி அடுப்பெரித்தது. மறுபக்கம் கறுப்புக் கூழாக வழிந்து வாய்க்கால் பிடித்து மஞ்சள் காட்டுக்குப் போனது. அந்த மூன்று ஏக்கர் செம்மண் இருபத்திரண்டு வருடமாக வேறு உரம் அறியாது. அந்த வீட்டில் சாணியைவிட உழைத்தவர்கள் யாருமில்லை, ராசப்பனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

“கையெழுத்துப் போட்டவங்களே சாணியும் போடட்டும்” என்றாள். “என்ற மாடு போட்டதுல ஒரு உருண்டை லாரி ஏறாது.”

“பேப்பர்ல எழுதிக் குடுத்தாச்சு புள்ள.”

“அந்தப் பேப்பரைக் கொண்டாங்க.”

பத்தாவது வரை படித்தவள். காகிதத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து ஒரு வரி விடாமல் படித்தாள். ஒன்பதாவது வரியில் விரலை வைத்தாள்: வேலை செய்கிற சாண எரிவாயுக் கலன் உள்ள வீடுகளுக்கு இது பொருந்தாது. ஊரில் அது அவள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆடியிலிருந்து தை வரை அவள் லாரியைத் தன் வாசலில் நிற்கவிடவில்லை.

டிரம் மேலே போனபிறகோ லாரிக்குப் போகிற சாணி நாளுக்கு நாள் குறைந்தது. அருக்காணியைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து மற்றொருத்தி என்று, கொடிக்கயிற்றிலும் வேலிப்படலிலும் முருங்கைக் கிளையிலும் குழாயைத் தொங்கவிட்டு இழுத்துக்கொண்டு, பங்குனி பிறப்பதற்குள் பதினேழு வீட்டு அடுப்பு மயிலாத்தாள் டிரம்மில் எரிந்தது. பதினேழு வீட்டுக் கூடையும் காலை ஆறு மணிக்கே அவள் தொட்டியில் கவிழ்ந்தது. ஏழு மணிக்கு வந்த லாரிக்கு “மாட்டுக்குப் பேதி”, “மாட்டுக்கு மலச்சிக்கல்” என்று ஒரே தெருவில் இரண்டு பதிலும் கிடைத்தது. வழிந்த கூழைக் குடத்தில் பிடித்துப் போய் அவரவர் காட்டில் ஊற்றினார்கள், வாடிப்போயிருந்த வாழை நிமிர்ந்தது. ஏரிக்கரைப் பச்சை பலூன் நிறையவே இல்லை. சப்பிப்போய்க் கிடந்தது.

திவாகரன் யாரையும் திட்டவில்லை. ஒன்றிய ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதினான். பங்குனி நடுவில் அங்கிருந்து ஒரு மேடம் வந்தார்கள், அட்டையில் ஒரு படிவத்தோடு. குழியைச் சுற்றி வந்தார்கள், குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள், அதன்பிறகு மேலேயும் பார்த்தார்கள்.

“ஏம்மா, டிரம் குழிக்குள்ள இருக்கா இல்லையா?”

“மேல இருக்குதுங்க மேடம்.”

“மேலங்கறதுக்கு இதுல கட்டம் இல்லம்மா. ‘குழிக்குள் உள்ளது, ஆம், இல்லை.’ ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

“அடுப்பு எரியுதுங்களே. வந்து பாருங்க. டீ வச்சுத் தாரேன்.”

மேடம் வந்து பார்த்தார்கள், டீ குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். வெளியே வந்து ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டார்கள். பதினைந்து நாளுக்குள் டிரம் குழிக்குள் வரவேண்டும், இல்லாவிட்டால் கலன் வேலை செய்யவில்லை என்று எழுதவேண்டியிருக்கும் என்றார்கள். அப்படி எழுதினால் ஒன்பதாவது வரி மயிலாத்தாளைக் காப்பாற்றாது. எருமையும் மாடும் கன்றுமாக ஆறு உருப்படிச் சாணியும் மறுநாளே லாரிக்குப் போகவேண்டும். மற்ற பதினேழு வீட்டுக்கும் ஒண்ட இடம் இருக்காது. பயம் என்றால் என்னவென்று அன்று மயிலாத்தாளுக்குத் தெரிந்தது. பயந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் கருப்பணன் ஊரைக் கூட்டினார். நல்ல மனிதர், ஆனால் ஆபீஸ் சீல் வைத்த காகிதத்தைக் கண்டால் குரல் மாறிவிடும். “அம்மிணி, இதுல சண்டைக்கு ஒண்ணுமில்ல. காத்து இருக்கறதாலதான மேல நிக்குது? பதினெட்டு அடுப்பையும் ஒண்ணாப் பத்தவச்சு, இருக்கற காத்தையெல்லாம் எரிச்சுத் தீத்துட்டா, டிரம்மு தன்னால குழிக்கு வந்துரும். ஆபீஸுக்கும் நல்லது, உனக்கும் நல்லது.” மறுத்துப் பேச ஒன்றும் இல்லாததால் எல்லோரும் சரி என்றார்கள்.

ஆக, மேலதிகாரிகளின் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து எருக்கலவலசு சமைக்க ஆரம்பித்தது. முதல் நாள் அரிசிம்பருப்புச் சோறும், இடியாப்பம்போலப் பிழிந்த சந்தகையும், போளிபோலத் தட்டிய ஒப்பிட்டும் செய்தார்கள், தெருவில் பாய் விரித்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள்கூட உத்தரவு என்பதால் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவேண்டியதாயிற்று, டிரம் இறங்கவில்லை. இரண்டாம் நாள் ஊர் முழுக்க வெந்நீர் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளித்தது, போர்வை தலையணை உறையெல்லாம் வேகவைத்துத் துவைத்தது, மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் கொள்ளும் அவித்துப் போட்டது; டிரம் இறங்கவில்லை. மூன்றாம் நாள் மஞ்சளுக்கு வந்தார்கள். மஞ்சள் கிழங்கை வேகவைக்க ஆளுயரத்துக்கு விறகு வேண்டும், தென்னை மட்டை வேண்டும், புகையில் கண் அவிந்து போகவேண்டும். வருடா வருடம் அந்த விறகுக்கே வெட்டிய மஞ்சளின் விலையில் பாதி போய்விடும். அந்த வருடம் மஞ்சள் வேகவைக்கும் இரும்புக் கொப்பரையைச் சுற்றி ஆறு அடுப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, பதினெட்டு வீட்டு மஞ்சளையும் ஒரு சுள்ளி இல்லாமல், ஒரு துளிப் புகை இல்லாமல் வேகவைத்து எடுத்தார்கள், ஊரெல்லாம் மஞ்சள் மணந்தது, வந்து பார்த்த கருப்பணனின் வெள்ளை வேட்டியெல்லாம் மஞ்சளானது.

மயிலாத்தாள் அந்த மூன்று நாளும் சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடியே தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மட்டை வெட்டிய தழும்புகளில் ஒன்றை அடையாளம் வைத்திருந்தாள். முதல் நாள் டிரம்மின் விளிம்பு அந்தத் தழும்புக்கு நேராக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது. அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும்போல இருந்தது, சிரித்தும்விட்டாள், கருப்பணன் முகத்துக்கு நேராகவே சிரித்தாள். “எரிச்சாச்சுங்க மாமா. இன்னும் என்னத்தை எரிக்கோணும், சொல்லுங்க. ஊர்ல பச்சையா ஒண்ணும் பாக்கி இல்ல.”

பதினைந்தாம் நாள் காலை, சித்திரை வெயில் ஏறும் முன்னால், திவாகரன் ஒரு கிரேனோடும் ஒரு லாரியோடும் வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து நின்றான்.

“அக்கா, இன்னைக்குக் கடைசி நாளுங்க. உங்களுக்குச் சிரமம் வேண்டாம். நாங்களே எறக்கித் தர்றோம்.”

“எறக்கி எங்க வைப்பீங்க?”

“குழியிலதாங்க்கா. வேற எங்க?”

“தலைவரு முன்னால சொல்லு.”

கருப்பணன் முன்னாலும் சொன்னான். கிரேனின் கொக்கி ஏறி டிரம்மின் வளையத்தில் மாட்டியது. மயிலாத்தாள் உள்ளுக்குள் ஒன்றை எதிர்பார்த்தாள். அது முரண்டு பிடிக்கும், கிரேனையே நாலடி மேலே தூக்கிவிடும், ஊர் கைதட்டும் என்று நினைத்தாள். அப்படியெல்லாம் நடக்கவில்லை. கயிறு மாட்டிய பசுங்கன்றுபோல அது சாதுவாக இறங்கி வந்தது. குழிக்கு நேராக, கை எட்டும் உயரத்தில் வந்து நின்றது. அங்கேயிருந்து கிரேன் அதைக் குழிக்குள் இறக்காமல் பக்கவாட்டில் திருப்பி லாரிக்குக் கொண்டுபோனது.

“டேய், குழி இங்க இருக்குது!” என்றாள் மயிலாத்தாள்.

“டெஸ்ட் பண்ணிட்டுக் கொண்டாறோம்க்கா. ஓட்டை கீட்டை இருக்குதான்னு பாக்கோணும். ஒரே வாரம்.”

அவள் ஓடிப்போய் விளிம்பைப் பிடித்தாள். குழாய் இழுபட்டுப் பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்தது. லாரி நகர்ந்தது, அவளும் கூட ஓடினாள், மாட்டாஸ்பத்திரி வரைக்கும் ஓடி, அதற்குமேல் ஓட முடியாமல் விட்டாள். உள்ளங்கை இரண்டிலும் துரு அப்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து வெறும் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் பார்க்கிறது என்ற வெட்கமில்லாமல் அழுதாள். அந்த இருபத்திரண்டு வருடத்தில், பெற்ற பிள்ளை மணமாகி வேற்றூர் போனபோதுகூட அவள் இப்படி அழுததில்லை. ராசப்பன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு கொஞ்ச தூரத்தில் நின்றார். போட்ட கையெழுத்து அவரைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் அருக்காணி தோசைக் கரண்டியோடு தெருவில் ஓடிவந்தாள்.

“அக்கா! என்ற அடுப்பு எரிஞ்சுட்டே இருக்குதுங்க்கா! தோசை கருகிப்போச்சு!”

அவளுக்குப் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தரையில் பிய்ந்து கிடந்த குழாய், தண்ணீர் திறந்துவிட்ட ஹோஸ்போல ஒருதரம் நெளிந்து, நுனியைத் தூக்கி, கட்டுத்தரைக் கூரையைத் தாண்டி, தென்னைத் தழும்பைத் தாண்டி, டிரம் நின்ற இடத்துக்குப் போய், ஒன்றுமே இல்லாத இடத்தில் கச்சிதமாக மாட்டிக்கொண்டு நின்றது. காக்கை ஏழெட்டு எங்கிருந்தோ வந்து அதைச் சுற்றி வட்டமாக, வெறும் ஆகாயத்தின்மேல், காலை ஊன்றி உட்கார்ந்தன. ஊர் அண்ணாந்து பார்த்தது. கழுத்து வலிக்கும் முன்பாகவே குனிந்துகொண்டது. குழந்தைகளுக்குப் பசி நேரம். அவரவர் அடுப்பை அவரவர் பார்க்கவேண்டும்.

மயிலாத்தாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். கையைக் கழுவினாள். தொட்டியில் பாதியில் விட்ட சாணியைக் கரைத்து முடித்தாள்.

டிரம்மைக் கம்பெனிக்காரர்கள் தங்கள் பச்சை பலூனுக்கு மேலே தூக்கி வைத்து, நாலு பக்கமும் கம்பி கட்டி, குழாய் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். வெறும் இரும்பு. அடியில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது, அதன் வழியாக வானம் தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்துப் பெயின்ட் மட்டும் கனமாக இருந்தது. சாயங்காலம் அதைக் கழற்றி ஏரிக்குள் உருட்டிவிட்டார்கள்.

டிரம் போனாலும் காகிதம் இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாணி லாரி வந்தது, முதல்முறையாக மயிலாத்தாள் வாசலிலேயே வந்து நின்றது. திவாகரன் படிவத்தின் நகலைக் கையில் வைத்திருந்தான். அடுப்படியில் இருந்த மயிலாத்தாள் வெளியே வர எழுந்தாள். ஆனால் அதற்குள் ராசப்பன் வாசலுக்குப் போய்விட்டிருந்தார். அவர் கையில் துண்டு முறுக்கியபடியே இருந்ததை அவள் பார்த்தாள். கூப்பிடவில்லை. கதவோரமாக நின்றுகொண்டாள்.

“வணக்கங்கண்ணா. டிரம் இப்பக் குழியில இல்லைங்களே” என்றான் திவாகரன், வழக்கம்போல மரியாதையாகவே. “மேலயும் இல்லைங்க. நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்படி சாணியை லாரியில கொட்டிருங்கண்ணா.”

“இல்லீங்.”

“என்னங்கண்ணா இல்லை? உள்ள ஆறு உருப்படி நிக்குது.”

“நிக்குதுங்.”

“சாணி போடலைங்களா?”

“போட்டுதுங்.” ராசப்பன் முறுக்கியிருந்த துண்டை உதறித் தோளில் போட்டார். “உங்களுக்குப் போடலீங்.”

தெருவில் பதினேழு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் கையிலும் கூடை இல்லை. திவாகரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். எல்லாம் அவனுக்கு மோர் கொடுத்த முகங்கள்தான். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். அந்தக் குறுகலான தெருவில் லாரியைத் திருப்ப இடம் கிடையாது, ரிவர்ஸிலேயே பின்னால் போகவேண்டும். மற்ற நாளென்றால் “வரட்டும், வரட்டும்” என்று கைகாட்ட நாலு பேர் ஓடுவார்கள். அன்று ஒருவரும் ஓடவில்லை. காலி லாரி தானாகவே, வேலியில் உரசிக்கொண்டு, எருக்கலவலசு எல்லை வரைக்கும் பின்னாலேயே போனது.